இடது கை பத்து

பன்னிரண்டு பாட்டுக்கும் டிரம்ஸ் வாசித்து முடிந்திருந்தது. வாசித்தவன் பாண்டின் சொந்த டிரம்மர் டொயல் இல்லை. டொயலைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

ஒலிப்பதிவு செய்யும் ஆர்டிஸுக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. ப்ரூகர் போனில் சொன்னார். ப்ரூகர் இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர், ரெக்கார்டு கம்பெனி அனுப்பிய ஆள். லாஸ் ஏஞ்சலஸில் ஹாலோரன் என்று ஒருவன் இரண்டே நாளில் அத்தனையையும் முடித்துக் கொடுத்துவிட்டானாம். ரப்பர் தட்டுகளின் மேல் வாசித்தது. எந்த அடி எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்பது மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன்மேல் எந்த டிரம்மின் சத்தத்தை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

"எனக்கு டொயலோட ஸ்நேர் வேணும்," என்றார் ப்ரூகர். "டொயல் வேண்டாம். கம்பெனியில டெமோவக் கேட்டுட்டு அந்த ஒரு சத்தத்துக்குத்தான் மயங்கினாங்க."

"டிரம்மை இரவல் கேட்டா போச்சு."

"குடுப்பானா?"

கொடுக்க மாட்டான். கொடுத்தாலும் பயனில்லை. அந்த ஸ்நேர், வாசிப்பவனின் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் சின்ன டிரம், பித்தளையால் ஆனது. மூடிப்போன ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் டொயலுக்குக் கிடைத்தது. விளிம்பில் இருந்த விரிசலை அவனே ஈயம் வைத்து ஒட்டினான். தோலை இறுக்கும் பத்துத் திருகுகளில் ஒன்று துருவேறிச் சிக்கி நிற்கிறது, திரும்பாது. அந்த ஒன்றுக்கு ஏற்ற மாதிரி மற்ற ஒன்பதையும் ஏற்றி இறக்க அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வேறு யார் கை வைத்தாலும் பெயின்ட் டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். ஆர்டிஸே முயன்று பார்த்திருக்கிறாள்.

"அப்ப அவனையே வரவழைச்சு அடிக்க வெச்சுப் பிடிக்கணும்," என்றார் ப்ரூகர். "விஷயத்த முன்னாடியே சொன்னா தூக்கிட்டுப் போயிடுவான். மைக் டெஸ்ட்னு சொல்லு. அவன் உன்ன நம்புவான்ல?"

"நம்புவான்."

ஆர்டிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மிக்ஸிங் யாரு பண்றாங்க?"

"நீதான். உன் பேரு போட்டே."

பதினைந்து வருஷமாக மில்வாக்கியில் ஊர்ப் பையன்களின் டெமோக்களைப் பதிவு செய்கிறாள். தேறியவற்றை நியூயார்க்கில் யாரோ மிக்ஸ் செய்வார்கள். அட்டையில் அவள் பெயர் வந்தால் பொடி எழுத்தில் வரும்.

"வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்றேன்," என்றாள்.

*

வியாழக்கிழமை டொயல் எட்டு மணிக்கே வந்துவிட்டான். வெளியே கடுங்குளிர். ஆர்டிஸின் ஸ்டுடியோ, தோல் பதனிடும் தொழிற்சாலையாக இருந்த கட்டிடத்தின் மூன்றாவது மாடி. சரக்கு லிஃப்ட்டிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக டிரம்மைப் பெட்டியிலிருந்து எடுத்து ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைத்து, தன் கோட்டைச் சுற்றிப் போர்த்தினான். குளிர்ந்த பித்தளையைச் சுருதி சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

"புள்ளைக்குக் கூட இப்படிப் போர்த்த மாட்டடா நீ," என்றாள் ஆர்டிஸ்.

"புள்ளை அழுதா தெரிஞ்சிடும். இது அழாது, ஆர்டி. கடைசிப் பாட்டுல காலை வாரும்." கையைத் தேய்த்துக்கொண்டான். "திங்கக்கிழமை ஸ்கூல் பஸ் சாவியத் திருப்பிக் குடுத்துட்டேன், தெரியுமா? டிப்போல கேக் வெட்டினாங்க. ஸ்கூல் பசங்க ஒரு அட்டை குடுத்தாங்க, எல்லாரும் கையெழுத்துப் போட்டு. ஒருத்தன் என் பேரையே தப்பா எழுதியிருக்கான். பதினோரு வருஷம் ஏத்தி இறக்கியிருக்கேன் அந்தத் தடிப்பசங்கள."

"வேலைய விட்டுட்டியா?"

"ஏப்ரல்ல டூர் போறோம்ல. பஸ்ஸ யாரு ஓட்டுவாங்க, எங்கப்பனா?"

ஆர்டிஸ் மைக் பெட்டியைத் திறந்தாள்.

ஐந்து மைக்குகள். பென்சில் தடிமனில் ஒன்று, ஊசி விழுந்தாலும் பிடிப்பது. ஜெர்மன்காரர்கள் செய்த பழசு ஒன்று, அரைச் சம்பளம் பெறும். உள்ளே மெல்லிய உலோக நாடா தொங்கும் ஒன்று. அடியின் காற்று நேராகப் பட்டால் நாடா கிழிந்துவிடும் என்பதால் அதைச் சற்றுச் சாய்த்து வைத்தாள். புதிதாக வந்த ஒன்று. கடைசியாக ஃபிஃப்டி-செவன். எல்லா ஸ்டுடியோவிலும் கிடக்கும், மலிவான, கீழே போட்டாலும் உடையாத, மதுக்கடைப் பாடகன் எச்சில் தெறிக்கப் பாடும் அதே மைக்.

ஐந்தையும் டிரம்மின் விளிம்பைச் சுற்றி ஒரே தூரத்தில் நிறுத்தினாள். விரலால் அளந்தாள், இரண்டு விரல் உயரம், மூன்று விரல் உள்ளே. பிறகு டொயலைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு எண்களை மாற்றி ஒட்டினாள். எந்த எண் எந்த மைக் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த ஸ்டுடியோவில் அது பழக்கம். டிரம்மர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, தன் ஸ்நேருக்கான மைக்கைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபிஃப்டி-செவனைத் தேர்ந்தெடுத்தவன் எல்லோருக்கும் ஒரு பெட்டி பான்ச்கி வாங்கித் தரவேண்டும். போலந்துக்காரர்களின் பேக்கரியில் விற்கும் ஜாம் வைத்த பன் அது. ஜெர்மன் மைக் வேண்டும் என்று மீசை முறுக்கி வந்தவர்கள் பெரும்பாலும் பான்ச்கி வாங்கியிருக்கிறார்கள். சுவரில் பெயர்களும், ஃபிஃப்டி-செவனில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடும் இருந்தன. டொயல் பெயருக்குக் கீழே எட்டுக் கோடு.

"இன்னிக்கு ஒன்பதாவது," என்றாள்.

"இன்னிக்கு நீ பட்டினி."

*

ஒன்பதரைக்கு ப்ரூகர் வந்தார். பின்னாலேயே டொயலின் தம்பி கார்வின், பாண்டின் பாடகன். கார்வின் கன்ட்ரோல் ரூம் சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்தான். அதன்பிறகு நிமிரவில்லை.

"என்னடா, பல்லுல வலியா?" என்றான் டொயல் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, திறந்திருந்த கதவு வழியே.

"தூக்கம் வரல."

"சந்தோஷத்துல எனக்கும்தான் வரல."

ப்ரூகர் கதவைச் சாத்திவிட்டு, டிரம் அறைக்குக் குரலைக் கொண்டுபோகும் பேச்சுப் பொத்தானை அழுத்தினார். "மாஸ்டர், ரெடியா?"

"மாஸ்டராமே," என்று டொயல் சிரித்தான். "கார்வின், கேட்டுக்கோ."

முதலில் தாளமாகவே வாசிக்க வைத்தாள் ஆர்டிஸ். ஸ்நேருக்கு மைக் தேடும்போது பக்கத்தில் இருக்கும் ஹைஹாட், காலால் மூடித் திறக்கும் அந்த இரட்டைத் தட்டு, எவ்வளவு உள்ளே கசிகிறது என்று பார்க்க வேண்டும். பாதிப் பரீட்சை அதுதான். அதை விட்டால் டொயலுக்குச் சந்தேகம் வரும்.

அவன் வாசித்தான். சத்தம் கன்ட்ரோல் ரூமை நிறைத்தது. ப்ரூகர் கண்ணை மூடித் தலையாட்டினார். நான்கு சுற்று நன்றாகப் போயிற்று. ஐந்தாவதில் டொயலுக்கு உற்சாகம் வந்தது, வேகம் ஏறியது. எட்டாவதில் ஓடினான். அவனுக்கு அது தெரியவில்லை, எப்போதும் தெரிந்ததில்லை. ப்ரூகர் ஆர்டிஸைப் பார்த்து இரண்டு விரல்களை மேசையில் ஓடவிட்டுக் காட்டினார், தப்பி ஓடும் குட்டிப் பொம்மைபோல. கார்வின் பார்க்காததுபோல் இருந்தான்.

டொயல் உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்து, தொப்பியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டான். ஆர்டிஸ் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"ஒண்ணு, வேண்டாம். கண்ணாடிய நாக்கால நக்கற மாதிரி இருக்கு." 

"ரெண்டு?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குத் தலை சீவிட்டு வந்தவன். நல்ல பையன்தான். நம்ம பாட்டுல அவனுக்கு வேலையில்ல."

"மூணு."

இன்னொரு தடவை போடச் சொன்னான். "இவனுக்கு முன்பல்லு ரெண்டு போயிருக்கு. சண்டையில போனது. இன்னொரு தடவ போடு." கேட்டான். "அந்த ஈயம் வெச்ச இடம் இருக்குல்ல, அது கேக்குது ஆர்டி. மத்ததுல எல்லாம் மறைஞ்சுபோச்சு."

ஆர்டிஸுக்கும் கேட்டது. ப்ரூகருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் மூன்று விரலை உயர்த்தினார். டெமோவில் எல்லோரையும் மயக்கியது எது என்று இதுவரை யாருக்கும் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. டொயல் அதை விரல் வைத்துக் காட்டிக் கொடுத்துவிட்டான்.

"நாலு, அஞ்சு கேக்கலையா?"

"பொண்ணு பாத்தாச்சு. மூணு. என்ன மைக் அது?"

"முடிஞ்சப்புறம் சொல்றேன்."

*

மற்ற நான்கு மைக்குகளையும் எடுத்துவிட்டாள். ஹைஹாட்டையும் தூக்கி ஓரமாக வைத்தாள். பொத்தானை அழுத்தி, "தனித்தனி அடியா குடு, டொயல். மெதுவா ஆரம்பிச்சுப் போகப்போக ஏத்து. ஒவ்வொண்ணும் முழுசா அடங்கட்டும். அஞ்சு செகண்ட் விடு. ரூம் எதிரொலி எங்க முடியுதுன்னு பாக்கணும்," என்றாள்.

பொய் எளிதாக வந்தது.

அவன் அடித்தான். அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்தான். அடித்தான். நடுவில் பத்து. விளிம்போடு சேர்த்துப் பத்து. குச்சியைப் படுக்கவைத்துப் பத்து. ஒவ்வொன்றும் திரையில் ஒரு முள் மரம்போல் எழுந்து வால் நீண்டு மறைந்தது.

"இப்ப இடது கையில பத்து," என்றாள்.

டொயல் குச்சியை உயர்த்தினான். அடிக்கவில்லை. இறக்கினான்.

மைக்கைத் தேர்ந்தெடுக்க யாரும் இடது கையைத் தனியாகக் கேட்பதில்லை. இடது கை அடி வலது கை அடியைவிட ஒரு மயிரிழை மெலிசாக விழும். மாறி மாறி வைத்தால்தான் மனிதன் வாசித்த மாதிரி இருக்கும். அந்த வித்தியாசம் தேவைப்படுவது ஒரே ஒரு வேலைக்கு, அடிகளைத் தனித்தனியாகச் சேமித்து வேறொரு வாசிப்பின் மேல் ஏற்றுவதற்கு.

"ஆர்டி." ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டான். "நீ சாம்பிள் எடுக்கறியா?"

கார்வினின் கால் ஆட்டம் நின்றது. ப்ரூகர் தாடையைச் சொறிந்துகொண்டு உத்தரத்தைப் பார்த்தார். இது ஆர்டிஸின் பாடு என்பதுபோல.

"ஆமா," என்றாள்.

"எதுக்கு?"

"நீ வாசிக்கறப்ப சிலது மெலிசா விழும்ல. அதுக்கு அடியில முட்டுக் குடுக்க. எல்லாரும் பண்றதுதான்."

"என் வாசிப்புக்கா?"

"வேற யாரு வாசிப்புக்கு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தோள் இறங்கியது. "அத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன! ரூமாம், எதிரொலியாம். நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? என் இடது கை எனக்குத் தெரியாதா?" குச்சியை மாற்றினான். "இரு, அப்படின்னா ஒழுங்கா பண்ணுவோம். நாற்காலி கிறீச்சுடுது, நின்னுக்கிட்டே அடிக்கறேன்."

நின்றுகொண்டே அடித்தான். இடது கை பத்து. கேட்காததையும் கொடுத்தான். அடியில் இருக்கும் கம்பிச் சுருளைத் தளர்த்திப் பத்து. உருட்டலாகப் பத்து. ஒன்பது திருகையும் கால் சுற்று இறக்கி, மெதுவான பாட்டுகளுக்கு ஆகும் என்று முழுத் தொகுதியையும் மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே சுருதி சரிபார்த்தான். சட்டை முதுகில் ஒட்டியது. இரண்டு மணி நேரம்.

"தங்கச் சுரங்கம்," என்றார் ப்ரூகர், பொத்தானை அழுத்தாமல்.

கார்வின் கழிப்பறைக்குப் போனான். அரை மணி நேரம் வரவில்லை.

*

எல்லாம் முடிந்து டொயல் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தபோது ஆர்டிஸ் கோப்புகளை தனி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுக்கத் தொடங்கியிருந்தாள். கார்வின் திரும்பி வந்திருந்தான். சாயங்காலம் அவனே வீட்டுக்குப் போய் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்வதாக ஏற்பாடு.

"நாளைக்குப் பத்து மணிதான?" என்றான் டொயல் முகத்தைத் துடைத்தபடி.

"ஒண்ணு கேட்டுட்டுப் போங்க, மாஸ்டர்," என்றார் ப்ரூகர்.

ஏற்பாட்டில் இது இல்லை. ஆர்டிஸ் அவரைப் பார்த்தாள். அவர் தன் மடிக்கணினியில் முதல் பாட்டைத் திறந்து, சற்றுமுன் எடுத்த அடிகளில் சிலதை ஏற்றிவிட்டிருந்தார். ஆசை பொறுக்காத முகம். ஓடவிட்டார்.

டொயலின் ஸ்நேர். ஈயம் வைத்த இடம் உட்பட எல்லாம் இருந்தது. நட்ட கம்பம்போல் தாளம் நின்றது.

டொயலின் வாய் திறந்தது. "இது எப்ப வாசிச்சேன்? நவம்பரா? கார்வின், கேளுடா! ஓடவே இல்ல நான்!" தம்பியின் தோளில் குத்தினான். "என்னைய என்னென்ன சொன்ன நீ? டிராக்டர் மாதிரி வாசிக்கறேன்ன. இது டிராக்டரா? சொல்லுடா, டிராக்டரா?"

கார்வின் சிரிப்பதுபோல் ஏதோ செய்தான்.

முதல் சரணம் முடியும்வரை டொயல் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டான். ஒரு இடத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, "அடேங்கப்பா, நான்தானா!" என்றான். இரண்டாவது சரணம். அது முடிகிற இடத்தில் ஒரு உருட்டல் வந்தது, சிறியது, வேகமானது, இடது கையில் தொடங்கி இடது கையிலேயே முடிவது.

டொயலின் கை தொடைக்கு மேல் நின்றது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு அது வராது," என்றான்.

ப்ரூகர் நிறுத்தினார்.

"யாரு?"

"ஹாலோரன்னு ஒருத்தர். லாஸ் ஏஞ்சலஸ்."

"எத்தன பாட்டு?"

"எல்லாம்." ப்ரூகர் நாற்காலியைத் திருப்பினார். "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஆல்பம் பூரா உங்க சத்தம்தான். கேக்கற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இப்ப உங்களுக்கே தெரியலையே, ஒரு நிமிஷம்?"

டொயல் தம்பியிடம் திரும்பினான். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"டிசம்பர்."

"கிறிஸ்துமஸுக்கு என் வீட்லதான தின்ன."

"நீ தாளம் விடற டொயல். பாருல பரவால்ல, எல்லாரும் குடிச்சிருப்பாங்க. ஆல்பத்துல முடியாது. டூருக்கும்..."

"டூருக்குமா?"

கார்வின் போனை உள்ளங்கையில் திருப்பினான். "ஹாலோரன்தான் வர்றார்."

"போன வாரம் நீதான புதுத் தோல் மாட்டச் சொன்ன. நல்லா மாட்டு, நல்ல நிலைமையில கொண்டுவான்னு சொன்ன. நானும் ராத்திரியெல்லாம் உக்காந்து... சாவியக் குடுத்தப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கேக் வெட்டினத நீதான்டா வீடியோ எடுத்த."



டொயல் கடைசியாக ஆர்டிஸிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை. "ஆர்டி. இன்னிக்கு நான் அடிச்சத அழிச்சிடு."

திரையின் மூலையில், நகல் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு முப்பத்தெட்டு சதவீதத்தில் இருந்தது. மூலக் கோப்பு அவள் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான். ப்ரூகரின் மடிக்கணினிக்குப் போனது ஏழெட்டு அடிகள். அதைக்கொண்டு ஒரு பாட்டைக்கூட ஒப்பேற்ற முடியாது. இரண்டு விசைகளை அழுத்தினால் போதும். ப்ரூகருக்கும் அது தெரியும்.

ஆர்டிஸ் நாற்காலியை அரையடி இடப்பக்கம் நகர்த்தினாள். அவள் தலை திரையின் மூலையை மறைத்தது.

"ரெண்டு இடத்துல காப்பி ஆயிடுச்சு, டொயல். இங்க அழிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷப் பழக்கம். இந்த ஸ்டுடியோவின் மரத்தரையைப் போட்டவன் அவன்தான்.

"நீ சொன்னா சரி," என்றான்.

உள்ளே போய் டிரம்மைப் பெட்டியில் வைத்தான். எதையும் எறியவில்லை. ஒன்பது திருகையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினான், குளிரில் எடுத்துப் போகும்போது தோல் கிழியாமல் இருக்க. அதற்கு நேரமாயிற்று. அறுபது. எழுபத்தைந்து. கண்ணாடி வழியே ஆர்டிஸ் அவனையும், திரையின் பச்சைக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் கொக்கியை அவன் மாட்டியபோது நூறு ஆகியிருந்தது.

லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான். "மூணு எது?"

"ஃபிஃப்டி-செவன்."

தலையாட்டினான். கார்வின் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான், அண்ணனோடு போவதா வேண்டாமா என்று தெரியாதவன்போல. அதற்குள் லிஃப்ட் இறங்கிவிட்டது. கார்வின் மறுபடி உட்கார்ந்தான்.

*

மத்தியானம் முழுக்க ஆர்டிஸ் அடிகளை வெட்டி ஒழுங்கு செய்தாள். நூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்கும் வெற்றிடத்தை நறுக்கி, வாலைச் சீவி, பெயரிட வேண்டும். ப்ரூகர் பின்னால் நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்.

"அட, இங்க பாரேன்," என்றார்.

இடது கை பத்தும் திரையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முள்ளுக்கும் நடுவே இடைவெளி ஒன்றுபோல் இருந்தது. ஐந்து நொடி, ஐந்து நொடி, ஐந்து நொடி. அளவுகோல் வைத்துப் போட்டதுபோல.

"இப்பதான் தாளம் பிடிக்கறான்," என்று ப்ரூகர் சிரித்தார். மேசையில் ரொட்டித் துகள் சிதறியது. சோபாவில் கார்வினும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஏழாவது அடியின் வாலில் ஏதோ ஒட்டியிருந்தது. ஆர்டிஸ் சத்தத்தை ஏற்றினாள். அடி அடங்கிய பின், எதிரொலியும் அடங்கிய பின், மூச்சளவில் ஒரு குரல். மூணு. நாலு. அஞ்சு சொல்வதற்குள் அடுத்த அடிக்குக் கையைத் தூக்கியிருக்கிறான்.

"என்னது அது?" என்றார் ப்ரூகர்.

"எண்ணியிருக்கான்."

"வெட்டிடு."

வெட்டினாள். எட்டாவதிலும் இருந்தது, ஒன்பதாவதிலும். வெட்டினாள். பத்தாவது சுத்தமாக இருந்தது. அதற்கு 'இடது 10' என்று பெயரிட்டுச் சேமித்தாள்.

பிறகு எழுந்து போய், சுவரில் டொயலின் பெயருக்குக் கீழே ஒன்பதாவது கோட்டைப் போட்டாள்.